புல் நறுக்கும் மெஷின்: வாயிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: பத்து கறவை மாடுகள். கோ-5 என்ற கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லும் சோளத்தட்டும் தீவனம். 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்று சும்மா கிடக்கிறது. ஊரில் லேத்தும் வெல்டிங்கும் உள்ள பட்டறை இருக்கிறது. இவற்றைக் கொண்டு புல் நறுக்கும் மெஷின் செய்துகொள்ள முடியுமா, அளவுகளை எப்படி முடிவு செய்வது?

முடியும். ஆனால் பெரும்பாலோர் தப்பான இடத்தில் தொடங்குகிறார்கள். சட்டத்தை வெல்டு அடித்து, மோட்டாரை ஏற்றி, புல்லி மாட்டிவிட்டு, கடைசியில்தான் பிளேடு எங்கே உட்காரும் என்று பார்ப்பார்கள். இந்த மெஷினின் தரம் முழுவதும் ஒரு சாண் இடத்துக்குள் இருக்கிறது. புல்லைப் பிடித்துத் தள்ளும் இரண்டு ரோலர்கள், அவற்றின் முன்னால் அசையாமல் நிற்கும் நிலைக்கத்தி, அதை ஒட்டிச் சுழன்று போகும் பிளேடு. இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தை வாய் என்று வைத்துக்கொள்வோம். வாயை முதலில் வரையுங்கள். மற்றதெல்லாம் அதைத் தாங்குவதற்காக வருவது.

இங்கே பேசுவது சக்கரத் தட்டில் பிளேடு பூட்டிய வகையைப் பற்றி. உருளையில் பிளேடு பூட்டிய வகையும் உண்டு, ஆனால் அதில் பிளேடு வளைவைச் சரியாகப் பிடிப்பது ஊர்ப் பட்டறைக்குச் சிரமம். ரோலரே இல்லாமல், கையால் தள்ளும் புல் நேராக நிமிடத்துக்கு 1440 சுற்றில் ஓடும் கத்திக்குப் போகும் மலிவு மெஷின்களும் கிடைக்கின்றன. அவற்றில் துண்டு ஒரே நீளத்தில் வராது, கைக்கும் கத்திக்கும் நடுவே எதுவும் இல்லை. அந்த வடிவத்தை எடுக்கவே வேண்டாம்.

முதலில் தேவை. வளர்ந்த மாடு ஒன்றுக்கு நாளுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் என்றால் மொத்தம் 300 கிலோ. மாட்டுக்குத் துண்டு 2 முதல் 3 செ.மீ. இருந்தால் போதும். அதைவிடப் பொடியாக்கினால் அசைபோடுவது குறையும். ஆட்டுக்கும் ஊறுகாய்ப் புல்லுக்கும் (சைலேஜ்) 1 முதல் 2 செ.மீ. வேண்டும். நாம் 2 செ.மீ. எடுத்துக்கொள்வோம்.

துண்டின் நீளம் எதைப் பொறுத்தது? ரோலரைச் சக்கர ஷாஃப்டே ஓட்டுவதால், மெஷின் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் துண்டு ஒரே நீளம்தான். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ரோலர் எவ்வளவு புல்லை நீட்டுகிறதோ, அதைப் பிளேடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் துண்டு நீளம். 75 மி.மீ. விட்டமுள்ள ரோலரின் சுற்றளவு 235.6 மி.மீ. சக்கரம் ஆறு சுற்றுக்கு ரோலர் ஒரு சுற்று, பிளேடு இரண்டு என்றால், 235.6-ஐ 12-ஆல் வகுக்க 19.6 மி.மீ. ரோலர் கொஞ்சம் வழுக்குவதால் கைக்கு வருவது 17, 18 மி.மீ. இருக்கும். துண்டு நீளமாக வருகிறது என்று மோட்டார் புல்லியை மாற்றிப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை. நீளம் மாற வேண்டுமானால் கியர் விகிதத்தை மாற்றுங்கள், இல்லை பிளேடு எண்ணிக்கையை மாற்றுங்கள். தட்டில் நான்கு பிளேடுக்கு இடம் விட்டு வையுங்கள். நான்கும் பூட்டினால் 1 செ.மீ. வரும். எதிரெதிரே உள்ள இரண்டை மட்டும் கழற்றினால் 2 செ.மீ. ஒன்றை மட்டும் கழற்றி ஓட்டினால் எடை ஒரு பக்கம் சாய்ந்து சட்டம் ஆடும்.

அடுத்தது வாயின் அளவு. அகலம் 200 மி.மீ., அழுத்தப்பட்ட புல்லின் உயரம் 50 மி.மீ. வைப்போம். சக்கரம் நிமிடத்துக்கு 360 சுற்று. அப்படியானால் புல் நிமிடத்துக்குச் சுமார் 14 மீட்டர் உள்ளே போகும். அழுத்தப்பட்ட பசும்புல்லை ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ என்று கொண்டால் மணிக்கு 1,700 கிலோ வருகிறது. விளம்பரத் தாள்களில் பெரும்பாலும் பார்ப்பது இந்த மாதிரி எண்தான். உண்மையில் எந்த ஆளும் ஒரு மணி நேரம் வாயை நிரப்பியே வைத்திருக்க முடியாது. நாற்பது விழுக்காடு நிரம்பும் என்று கொண்டால் மணிக்கு 700 கிலோ. உங்கள் 300 கிலோவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆகவே வாயைப் பெரிதாக்காதீர்கள். வாய் பெரிதானால் ஒரே வெட்டில் விழும் சுமையும் கூடும், 2 எச்.பி. மோட்டார் திணறும்.

மோட்டார் போதுமா என்பதை இப்படிப் பாருங்கள். வாயின் பரப்பு 10,000 சதுர மி.மீ. அதில் காற்று போக உண்மையான தண்டும் இலையும் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, சுமார் 2,200 சதுர மி.மீ. கூர்மையான பிளேடு ஒரு சதுர மி.மீ. தண்டை வெட்ட 25 மில்லிஜூல் கேட்கும் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு வெட்டுக்கு 55 ஜூல். நிமிடத்துக்கு 720 வெட்டு, அதாவது விநாடிக்கு 12. பெருக்கினால் 660 வாட். ரோலர், பெல்ட், உராய்வு எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாட்டை ஒட்டி நிற்கும். 2 எச்.பி. என்பது ஏறக்குறைய 1.5 கிலோவாட். வாய் முழுக்க நிரம்பினாலும் தாங்கும். ஆனால் இது கூர்மையான பிளேடுக்கும் இளம்புல்லுக்கும் உள்ள கணக்கு. 45 நாளுக்கு ஒருமுறை அறுக்க வேண்டிய கோ-5 புல்லை 70 நாள் விட்டு முற்றவைத்து, மழுங்கிய பிளேடில் கொடுத்தால் வெட்டு ஆற்றல் இரண்டு மடங்காகும், மோட்டார் உறுமி நிற்கும். அப்போது மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான்கு பிளேடு போட்டால் வெட்டு எண்ணிக்கை இரட்டிக்கும் என்பதால் வாயை அரைப்பங்குதான் நிரப்ப வேண்டும்.

சக்கரத்தின் வேலை, வெட்டு விழும் நொடியில் வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வது. 60 செ.மீ. விட்டம், 25 கிலோ எடை, எடையில் பெரும்பகுதி விளிம்பில் இருக்கும் சக்கரம் 360 சுற்றில் 1,100 ஜூலுக்கு மேல் வைத்திருக்கும். ஒரு வெட்டு அதில் 5 விழுக்காட்டை எடுக்கும், வேகம் இரண்டரை விழுக்காடுதான் இறங்கும். திடீரென்று ஐந்து மடங்கு கடினமான கொத்து வந்தாலும் சக்கரம் விழுங்கிவிடும். எடை கூட்டினால் இன்னும் நல்லது என்று 50 கிலோவுக்குப் போகாதீர்கள். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு அதை நிலையிலிருந்து கிளப்புவதே பெரும்பாடு.

மோட்டார் 1440 சுற்று, சக்கரம் 360. விகிதம் நான்குக்கு ஒன்று. மோட்டாரில் 4 அங்குலம், சக்கர ஷாஃப்டில் 16 அங்குலப் புல்லி, ஏ செக்‌ஷன் வி-பெல்ட் இரண்டு. இடம் மிச்சமாகும் என்று 3 அங்குலமும் 12 அங்குலமும் போட்டாலும் அதே வேகம் வரும். ஆனால் சின்னப் புல்லியில் பெல்ட் மடங்கி மடங்கிச் சூடாகும், இரண்டு பெல்ட் போதாமல் வழுக்கும். சக்கரத்தை மோட்டார் வேகத்திலேயே ஓட்டலாமே என்று கேட்பார்கள். 1.2 கிலோ பிளேடு ஒன்று, மையத்திலிருந்து 20 செ.மீ. தூரத்தில், 360 சுற்றில் வெளியே பிய்த்துக்கொள்ளப் பார்க்கும் விசை சுமார் 340 நியூட்டன், அதாவது 35 கிலோ எடை. வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்கு, அரை டன்னுக்கு மேல். அதையும் பிளேடைத் தட்டில் பூட்டிய இரண்டு போல்ட்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது பிளேடு. பட்டறைக்காரர் இரும்புப் பட்டையைத் தீட்டிக் கொடுத்தால் ஒரு வாரம்கூட வராது. புல்லின் இலையில் உள்ள மணற்சத்தும் சோளத்தட்டின் அடியில் ஒட்டிவரும் மண்ணும் சாதா இரும்பைத் தின்றுவிடும். லாரி பட்டை ஸ்பிரிங் நல்ல மூலப்பொருள். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கவைத்து, அதற்கு மேலும் சற்றுச் சூடேற்றி, எண்ணெயில் தோய்க்க வேண்டும், தண்ணீரில் அல்ல. தண்ணீரில் தோய்த்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அப்படியே பூட்டினாலும் கண்ணாடி போல உடையும், ஆகவே நீல நிறம் வரும்வரை மறுபடி இளஞ்சூடு காட்டித் தணிக்க வேண்டும். தடிமன் 6 முதல் 8 மி.மீ. தீட்டும் கோணம் 20 முதல் 25 டிகிரி. அதைவிட மெல்லியதானால் முனை பொரிந்து உதிரும், 30-ஐத் தாண்டினால் வெட்டாமல் நசுக்கும்.

சாணை பிடிப்பது ஒரு பக்கம் மட்டும். நிலைக்கத்தியைப் பார்க்கும் முகம் தட்டையாகவே இருக்க வேண்டும், சரிவு வெளிப்பக்கம். இரண்டு பக்கமும் தீட்டிய பிளேடு தள்ளிவரும் புல்லின் மேல் ஏறி உரசும். தட்டையான முகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிளேடு வெட்டிக்கொண்டு போகும்போதே புல் முன்னால் வந்துகொண்டிருக்கிறது. புல்லின் வேகம் விநாடிக்கு 0.24 மீட்டர், மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் பிளேடின் வேகம் 3.8 மீட்டர். இந்த இரண்டு வேகத்தின் விகிதத்தைக் கோணமாக மாற்றினால் மூன்றரை டிகிரிக்கு மேல் வருகிறது. ஆகவே பிளேடின் பின்பகுதி புல்லிலிருந்து 5 அல்லது 6 டிகிரி விலகிச் சாய்ந்திருக்க வேண்டும். தட்டில் பிளேடு உட்காரும் இடத்தையே அந்தச் சரிவில் கடைந்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் மெஷின் வெட்டும், ஆனால் காரணம் தெரியாமல் இழுவை கூடும், பிளேடின் முதுகு பளபளவென்று தேய்ந்திருக்கும்.

பிளேடு விளிம்பு முழுவதும் ஒரே நொடியில் நிலைக்கத்தியைச் சந்திக்கக் கூடாது. கத்தரிக்கோல் போல ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போக வேண்டும். இரண்டு விளிம்புக்கும் இடையே 20 முதல் 30 டிகிரி சாய்வு வையுங்கள். சாய்வு மிகையானால் புல் வெட்டுப்படாமல் ஓரத்துக்கு வழுக்கி ஓடி, வாயின் மூலையில் குவியும்.

இடைவெளிதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிளேடுக்கும் நிலைக்கத்திக்கும் நடுவே 0.3 முதல் 0.5 மி.மீ. ஒரு விசிட்டிங் கார்டு இறுக்கமாகப் போய்வர வேண்டும், இரண்டு முனையிலும் நடுவிலும். இதில் ஏமாறுவது எளிது. இடைவெளி 1 மி.மீ. ஆனாலும் தடித்த சோளத்தட்டு டக்டக்கென்று வெட்டுப்படும், எல்லாம் சரி என்று தோன்றும். இளம்புல்லின் இலைதான் மடங்கி இடுக்கில் நுழைந்து, நாராகத் தொங்கி, பிளேடுக்கும் சக்கரத் தட்டுக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். ஆகவே வெட்டைச் சோதிக்கச் சோளத்தட்டைக் கொடுக்காதீர்கள், இலையைக் கொடுங்கள். நிலைக்கத்தியும் தேயும் பொருள்தான். அதன் விளிம்பு உருண்டுவிட்டால் பிளேடை எத்தனை முறை தீட்டினாலும் பயனில்லை. நான்கு விளிம்பும் பயன்படும்படி சதுரக் கட்டையாகச் செய்து, ஒன்று தேய்ந்ததும் புரட்டிப் போடும் ஏற்பாடு வைத்தால் நெடுநாள் வரும்.

வைத்த இடைவெளி நிற்க வேண்டுமே. ஷாஃப்டின் வலிமைக்கு மட்டும் கணக்குப் போட்டால் 28 மி.மீ. போதும் என்று வரும். ஆனால் ஷாஃப்ட் வளைந்தால் இடைவெளி ஆடும் என்பதால் 35 மி.மீ. இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ஷாஃப்டும் 207 எண் பேரிங் பெட்டிகளும் போடுங்கள். இந்தப் பேரிங்குகளில் ஷாஃப்டைப் பிடிப்பது சின்னக் குத்துத் திருகு (கிரப் ஸ்குரூ) மட்டுமே. வெட்டு விழும்போதெல்லாம் ஷாஃப்ட் முன்பின்னாகத் தள்ளப்படும். திருகு வழுக்கினால் காலையில் 0.3 வைத்த இடைவெளி மாலையில் 1 மி.மீ. ஆகியிருக்கும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் பிளேடு நிலைக்கத்தியில் மோதும். ஷாஃப்டில் படி கடைந்து பேரிங் அதில் முட்டும்படி செய்யுங்கள், மறுபக்கம் வளையம் போட்டுப் பூட்டுங்கள். சக்கரத்தை ஷாஃப்டில் ஏற்றிய பிறகே பிளேடு இடங்களைக் கடைசியாக முகம் கடைய வேண்டும். தனியாகக் கடைந்து பிறகு ஏற்றினால் தட்டு நெளிந்து சுற்றும்.

ரோலரில் கீழ் ரோலர் நிலையானது, மேல் ரோலர் 50 மி.மீ. வரை எழும்பித் தணியும். இரண்டிலும் நீளவாக்கில் பல். மேல் ரோலரின் இரு முனையிலும் 15 முதல் 20 கிலோ அழுத்தம் தரும் ஸ்பிரிங், திருகி மாற்றும் வசதியோடு. தளர்ந்தால் புல் வழுக்கித் துண்டு குட்டையாகும். இறுக்கினால் சாறு பிழிந்து வடியும், தடித்த கொத்து உள்ளே ஏறாது. ரோலரின் பிடி நிலைக்கத்திக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 75 மி.மீ. ரோலருக்கு மையத்திலிருந்து நிலைக்கத்தி விளிம்பு வரை 45 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். தூரம் கூடினால் ரோலர் விட்ட கடைசித் துண்டுகள் பக்கவாட்டில் திரும்பி விரல் நீளத்துக்கு அப்படியே விழும்.

சக்கர ஷாஃப்டும் ரோலரும் குறுக்காக இருப்பதால் நடுவே புழுப்பல் கியர் (வோர்ம் கியர்) வேண்டும். நான்கு புரி கொண்ட புழுவும் 24 பல் சக்கரமும் ஆறுக்கு ஒன்று தரும். கீழ் ரோலரை அது ஓட்டட்டும். அதன் மறுமுனையிலிருந்து மேல் ரோலருக்கு நீளப் பல் கொண்ட நட்சத்திரக் கியர். மேல் ரோலர் எழும்பினாலும் பிடி விடாமல் இருக்கத்தான் அந்த நீளப் பல். சாதாரணக் கியர் போட்டால் புல் கட்டு பெரிதாக வரும்போது, அதாவது இழுக்க வேண்டிய அதே நேரத்தில், பல் கழன்றுகொள்ளும். இந்த ரோலர், புழு, கியர் தலையைப் பட்டறையில் செய்யாமல், கையால் சுற்றும் புல் நறுக்கியின் (கைமெஷின்) உதிரிப்பாகமாக வார்ப்படத்தில் வாங்கிவிடுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை. வாங்கியதன் விகிதத்தைக் கையால் சுற்றி எண்ணிப் பார்த்து, மேலே சொன்ன துண்டு நீளக் கணக்கை மறுபடி போடுங்கள்.

வைக்கோல் வெட்டினால் ரோலர் முனையில் நார் சுற்றிக்கொள்ளும். பக்கத் தகட்டுக்கும் ரோலருக்கும் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள், ரோலரின் பின்னால் ஒரு சுரண்டும் தகடு வையுங்கள். புல்லைக் கொடுக்கும்போது அடித்தண்டு முதலில் போக வேண்டும், இலை பின்னால் தானே வரும். தள்ளும் தொட்டியின் தரையில் காந்தத் துண்டு ஒன்று பதித்துவிட்டால் ஆணியும் கட்டுக்கம்பியும் கொஞ்சமாவது மாட்டும். பிளேடு பொரிவது சின்ன நட்டம். வெட்டிய கம்பித் துண்டு மாட்டின் வயிற்றைக் குத்தி இதயம் வரை போவதுதான் பெரிய நட்டம்.

இனி கை. இந்த மெஷினில் விரல் போவது பிளேடால் மட்டும் என்று நினைப்பது தவறு. ரோலர்தான் முதலில் பிடிக்கிறது, பிளேடுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மோட்டார் ஸ்விட்சை அணைத்தாலும் சக்கரத்தில் சேமித்த ஆயிரம் ஜூல் தீரும் வரை ரோலர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே காப்பாற்ற வேண்டியது ஸ்விட்ச் அல்ல, ரோலரைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடும் கிளட்ச். அதன் நெம்புகோல் முன்னே, நடுவே, பின்னே என மூன்று நிலை கொண்டிருக்க வேண்டும். தொட்டியின் குறுக்கே, ஆளின் தொடை உயரத்தில் ஒரு கம்பி. கை மாட்டியவர் முன்னால் சாய்ந்தாலே அது அமுங்கி ரோலர் நிற்க வேண்டும். தொட்டி ஒரு மீட்டர் நீளம், ரோலரை ஒட்டிய 45 செ.மீ. மேல்மூடியோடு, மூடியின் உயரம் வாயின் அளவுக்கே. சக்கரம் முழுவதற்கும் தகடு மறைப்பு.

டெல்லி ஐ.ஐ.டி.யில் தினேஷ் மோகன் குழுவினர் வட இந்தியக் கிராமங்களின் விவசாயக் காயங்களை ஆராய்ந்து, தீவன நறுக்கிக்கு மூன்று எளிய மாற்றங்களைச் சொன்னார்கள்: ரோலருக்கு முன்னால் விரலில் பட்டு எச்சரிக்கும் ஓர் உருளை, பிளேடு மறைப்பு, ஓடாத நேரத்தில் சக்கரத்தைப் பூட்டும் கொக்கி. மூன்றுக்கும் பட்டறையில் அரை நாள் வேலை. பூட்டை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாணை பிடிக்கும்போது சக்கரம் தானே உருண்டு விரலை எடுப்பதும், பிள்ளைகள் சுற்றி விளையாடுவதும் அந்தப் பூட்டு இல்லாத மெஷினில்தான். இந்தியத் தர நிறுவனம் மோட்டார் மெஷினுக்கு ஐ.எஸ். 11459, கைமெஷினுக்கு ஐ.எஸ். 7898 என்று தரக்குறிப்புகள் வெளியிட்டிருக்கிறது. பட்டறைக்குப் போகுமுன் அவற்றைப் புரட்டிவிடுங்கள்.

மின்சாரத்தில் ஒன்று. மாலையில் ஊரில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் மோட்டாரின் முறுக்குத்திறன் 230 வோல்ட்டில் இருந்ததில் 60 விழுக்காடுதான். அது வோல்ட்டின் வர்க்கத்தில் குறைகிறது. ரோலரைக் கழற்றிய நிலையில் சக்கரத்தை முழு வேகம் எடுக்கவிட்டு, பிறகே புல் கொடுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர், நல்ல எர்த், 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் (ஆர்.சி.சி.பி.). ஈரப்புல்லும் ஈரத்தரையுமான இடம் அது.

பூட்டி முடித்ததும் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அரை மணி நேரம் வெறுமனே ஓட்டுங்கள். பேரிங் பெட்டியில் கை வைக்க முடியாத சூடு வந்தால் இரண்டு பெட்டியும் ஒரே கோட்டில் இல்லை. நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டி, கார்டு வைத்து இடைவெளியை மறுபடி பாருங்கள், போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பிறகு 20 கிலோ புல்லை எடை போட்டுக் கொடுத்து நேரம் பாருங்கள். சீராகக் கொடுத்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். விழுந்த குவியலிலிருந்து ஐம்பது தண்டுத் துண்டுகளை எடுத்து வரிசையாக வைத்து அளந்துபாருங்கள். பாதி 18 மி.மீ., மீதி 8, 10 என்று இருந்தால் ரோலர் வழுக்குகிறது, ஸ்பிரிங்கை இறுக்குங்கள். ஒன்று விட்டு ஒன்று நீளமும் குட்டையுமாக வந்தால் இரண்டு பிளேடும் எதிரெதிரே சரியான இடத்தில் இல்லை. நீளம் சரியாக இருந்து முனை நார்நாராக இருந்தால் இடைவெளி கூடியிருக்கிறது. முனை நசுங்கியிருந்தால் பிளேடு சாணைக்குப் போக வேண்டும்.